‘ஷீ’ என்று சொல்லச் சொன்னார்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மோனிகா பல வருடங்களாக ஒப்பந்தத் தொழிலாளி. மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருவாள். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் லைன் லீடர் ஆக வேண்டும். லைன் லீடர் ஆனால் காலைக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேச வேண்டும், ஏனென்றால் ஆலைத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒருவர் தமிழ் கற்றுக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. உழைப்பவர்கள் எல்லோரும் ஆங்கிலம் கற்க வேண்டும் என்பது மட்டும் தோன்றியது.

ஷிப்ட் முடிந்ததும் கேண்டீனில் வகுப்பு. நடத்தியவர் மனிதவள அதிகாரி சந்திரமோகன். வாக்கியத்தை யாரை வைத்துத் தொடங்குவது என்பதுதான் முதல் பாடம். இலக்கை எட்டினால் ‘வீ’. பாகம் கெட்டுப்போனால் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’.

“அப்போ அவங்கன்னு சொல்ற ‘தே’ எப்ப சார் வரும்?” என்று மோனிகா கேட்டாள்.

“அது பக்கத்து கம்பெனிக்கும்மா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினில் அவளுக்கு அடுத்து நிற்கும் சாராள் விடவில்லை. “இன்னாடி மோனி, லீடரம்மா ஆயிட்டா என்னையும் ஷீன்னுதான் கூப்டுவியா?”

“போக்கா. உனக்கெல்லாம் இங்கிலீசுல பேரே கெடையாது.”

கை உள்ளே போனால் பிரஸ் தானாக நின்றுவிடும். அதற்கு ஒரு சென்சார் உண்டு. சென்சார் இருந்தால் வேகம் குறையும். மாதக் கடைசியில் இலக்கு எட்டாதபோது சூபர்வைசர் தன் மேசையிலிருந்து சாவியை எடுத்துவந்து அதை அணைத்துவிட்டுப் போவார். எல்லா லைனிலும் அப்படித்தான். தொழிற்சாலை ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் சென்சார் விளக்கு ஒழுங்காக எரியும்.

அப்படி ஒரு மாதக் கடைசியில் சாராளின் இரண்டு விரல்கள் போயின. திருஷ்டி என்று சொல்லி, மறுநாள் காலையில் பிரஸ் முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். ரத்தத்தைக் கழுவி முடித்த தரையில் குங்குமம் சிதறியது.

கூட்டத்துக்கு முன் சந்திரமோகன் மோனிகாவை ஓரமாக அழைத்தார். “இன்னிக்கு லீடர் எடத்துல நீதான் பேசற. ஒரே சென்டென்ஸ். ஷீ ஸ்விட்ச்டு ஆஃப் தி சென்சார். அவ்ளோதான். உன் பர்மனென்ட் ஆர்டர் சைன் ஆயிடும்.”

“அக்காவுக்கு இன்னா ஆவும் சார்?”

“ரூல மீறினவங்களுக்குக் கம்பெனி பொறுப்பில்ல.”

அதாவது, கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் சாராளுக்கு நட்ட ஈடும் கிடையாது, வேலையும் கிடையாது.

கூட்டத்தில் மோனிகா எழுந்தாள். “தே ஸ்விட்ச்டு ஆஃப் தி சென்சார்.”

“ஷீ, மோனிகா, ஷீ,” என்றார் சந்திரமோகன். தலைவரைப் பார்த்து, “ஸ்டில் லேர்னிங், சார்.”

“தே,” என்றாள் மறுபடியும்.

தலைவர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். மழலை பேசும் குழந்தையைப் பார்க்கும் புன்னகை அது. அந்தச் சிரிப்புதான் அவளைத் தமிழுக்குத் தள்ளியது.

“நல்லாத் தெரிஞ்சிதான் சார் சொல்றேன். சாவி சூபர்வைசர் மேசைலதான கீது? அக்கா எப்டி ஆஃப் பண்ணும்? நீங்கல்லாந்தான பண்ணீங்க?”

அவள் என்ன சொல்கிறாள் என்று தலைவர் கேட்டார்.

“ஷீ இஸ் அப்செட், சார்,” என்று சந்திரமோகன் மொழிபெயர்த்தார்.

அங்கே நின்ற மற்ற எல்லோருக்கும் தமிழ் தெரியும். அவரவர் காலணியை அவரவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூபர்வைசரும்தான்.

ஆங்கிலம் போதாது என்று மோனிகாவை லீடர் தேர்விலிருந்து கழித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவுமில்லை. இன்று வேறொரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். அங்கேயும் ஒப்பந்தம்தான்.

சாராளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மோனிகா பார்க்கப் போனபோது அவள் இடது கையால் டீ ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “அந்த ஷீயவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி? எனக்கு எப்டியும் போனது போனதுதான். நீயாச்சும் பர்மனென்ட் ஆயிருப்ப.”

பிரஸ் ஓடுகிறது. மாதக் கடைசியில் சாவி வருகிறது.