சைவச் சட்டியில் பேய்க்கணவாய்

அந்த வீட்டில் மருமகளை ராணி மாதிரி வைத்திருந்தார்கள். அதாவது, குசினிக்குள் விடவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் எனக்கு வேலை. கூட்டுவது, துடைப்பது, உடுப்பு மினுக்குவது, சிஞ்ஞோரா சமைக்கும்போது பக்கத்தில் நின்று வெங்காயம் உரிப்பது. அவருடைய ஒரே மகன், பியானோ படிக்க இத்தாலிக்கு வந்த ஒரு ஜப்பான்காரியைக் கட்டிக்கொண்டு அதே வீட்டில்தான் இருந்தான். மருமகள் குசினி வாசலில் தலையைக் காட்டினால் போதும், "நீ போய் இரு பிள்ளை, உனக்கேன் கரைச்சல்" என்று சிஞ்ஞோரா தேனொழுகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை சோபாவிலேயே இருந்தது.

ஒருநாள் நான் யன்னல் துடைத்துக்கொண்டிருக்கையில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். நாங்கள் இருவரும் கதைப்பது உடைந்த இத்தாலியனில். அவள் உடைத்த இடம் வேறு, நான் உடைத்த இடம் வேறு, ஆனாலும் விளங்கும். இங்கே என் தமிழில்தான் எழுதமுடியும்.

"அக்கா, நான் சமைச்ச ஒரு சாமானை மாமி ஒருக்கா வாயிலை வைக்கோணும். ஒருக்கா எண்டாலும் காணும்" என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. ஏற்கெனவே இரண்டு முறை, சிஞ்ஞோரா வெளியே போயிருந்த நேரம், ஏதோ சூப்பும் சோறும் செய்து வைத்தாளாம். சிஞ்ஞோரா வயிற்றைத் தடவிக் காட்டி, இன்றைக்குச் சரியில்லை என்றாராம். அந்த வயிறு ஆணி போட்டாலும் செமிக்கும் வயிறு என்பது எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது.

"மனிசிக்கு என்ன விருப்பமெண்டு பார்த்துச் செய்யோணும்" என்றேன். "பேய்க்கணவாய் எண்டால் உயிரை விடுவா."

பேய்க்கணவாய் என்றால் எட்டுக் காலும் அட்டை அட்டையாய் ஒட்டும் வாய்களுமாக இருக்கிற அந்தச் சீவன். எங்கள் பக்கத்தில் கணவாய்க் கறியென்றால் அடிபடுவோம், இதைக் கண்டால் விலகிப் போவோம். பலெர்மோவிலோ தெருவில் அவித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, நின்றபடியே தின்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் பளிச்சென்றது. ஒசாக்காவில், அவள் ஊரில், தெருவுக்குத் தெரு இதை வைத்து உருண்டை சுடுவார்களாம். தாக்கோயாக்கி என்று பெயராம். கரைத்த மாவைக் குழிகளில் ஊற்றி, நடுவில் ஒரு துண்டு பேய்க்கணவாய் வைத்து, குச்சியால் திருப்பித் திருப்பிப் பந்தாக எடுப்பார்களாம். ஆனால் அந்தக் குழிச் சட்டிக்கு இங்கே எங்கே போவது என்று கையை விரித்தாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சட்டி என் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது.

சண்டைக்கு ஊரை விட்டு வெளிக்கிட்டு, இத்தாலிக்கு வருமுன் நாங்கள் திருச்சியில் ஒன்றரை வருடம் கிடந்தோம். அங்கே பக்கத்து வீட்டுக்காரியிடம் குழிப்பணியாரம் பழகி, இரும்புச் சட்டியும் வாங்கி, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். "சனம் நகை கொண்டு வருது, என்ரை மனிசி இரும்பு கொண்டு வந்தவ" என்று என் மனிசன் அதைக் காணும்போதெல்லாம் சொல்வார். ஒரு சிக்கல் என்னவென்றால், அது சைவச் சட்டி. மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொட்டது கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அதில் பணியாரம் சுட்டுச் சாமிக்கு வைப்பேன். இரண்டு நாள் யோசித்தேன். சோபாவில் இருக்கும் அந்தப் பிள்ளையின் முகம் வந்து வந்து நின்றது. கடைசியில் சட்டியைப் பையில் வைத்தபோது மனிசன் கேட்டார், "எனக்கு இதிலை ஒரு இறால் பொரிக்க விடேல்லை. ஜப்பானுக்கு மட்டும் விடுவியோ?"

"ஜப்பான் அழுதது. நீங்கள் அழுதனீங்களோ?" என்றேன்.

நாள், வேதக்காரர் நோன்பிருக்கும் தபசு காலத்து வெள்ளிக்கிழமை. சிஞ்ஞோரா அன்று இறைச்சி தின்னமாட்டார், மீன்தான். எங்களுக்கு வெள்ளியில் மீனே மச்சம். அதனால் நான் சமைக்கலாம், தொடலாம், வாயில் வைக்கமுடியாது. பின்னேரம் அவர் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போனதும் நாங்கள் குசினியைப் பிடித்தோம்.

பேய்க்கணவாயை அவளே அவித்தாள், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தேன். பிறகு, தாய் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தாள். மரத்தைச் சீவியதுபோல மெல்லிய சுருள்கள். மணந்து பார்த்ததும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் மாசிக்கருவாடு! நாங்கள் உரலில் இடித்துச் சம்பலுக்குப் போடுவதை இவர்கள் கடுதாசி மாதிரிச் சீவுகிறார்கள், அவ்வளவுதான். அதில் கொஞ்சத்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்து, அந்தச் சாற்றில் கோதுமை மாவும் முட்டையும் அடித்துக் கரைத்தாள்.

கரைசல் மோர் மாதிரி ஓடியது. இதில் என்ன உருண்டை வரும்? பாவம், பியானோ படித்த பிள்ளை. அவள் வெங்காயத்தாள் வாங்கச் சந்தைக்கு இறங்கிய நேரம், நான் நல்ல மனதோடு இரண்டு கை மா அள்ளிப் போட்டுப் பணியாரப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். புளிக்க நேரமில்லையே என்ற கவலை வேறு.

அவள் வந்து அகப்பையைத் தூக்கிப் பார்த்தாள். தலையைக் குனிந்து, "மிகவும் நன்றி அக்கா" என்றாள். அந்த நன்றியைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம். அதிலேயே முதல் சட்டி சுட்டாள். வந்தவை உருண்டைகள்தான், ஆனால் சுவரில் எறிந்தால் சுவர்தான் உடையும். அவற்றை ஒரு பக்கத்தில் ஒதுக்கிவிட்டு, புதிதாக மோர் கரைத்தாள்.

இந்த முறை அவள் ஊற்றினாள், ஊற்றினாள். குழிகள் நிரம்பிய பிறகும் நிறுத்தவில்லை, சட்டி முழுக்க ஏரியாகிவிட்டது. பேய்க்கணவாய்த் துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய், பொரித்த மாத்தூள் எல்லாம் அந்த ஏரிக்குள் விழுந்தன. ஓரத்தால் வழிந்து அடுப்பில் சுர் என்று கருகியது. "பிள்ளை, வழியுது, வழியுது!" என்று நான் கத்தவும், வாசலில் சிஞ்ஞோரா வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், சிலுவைப்பாதை வேளைக்கே முடிந்துவிட்டது.

"என்ரை அடுப்பு!" என்றார் சிஞ்ஞோரா.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இனி இந்தப் பிள்ளைக்குக் குசினி வாசலும் இல்லை. ஆனால் அவள் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு மூங்கில் குச்சிகளை எடுத்து, ஒன்றை என் கையில் தந்துவிட்டு, ஏரியைக் குழிக்குக் குழி வெட்டி, வழிந்து கிடந்ததையெல்லாம் உள்ளே மடித்துத் தள்ளி, ஒரு சுழற்று. அரைப் பந்து எழுந்து நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது. வழிந்தது வீணல்ல, அதுதான் பந்தின் மற்றப் பாதி. அந்த விரல்கள் பியானோ படித்தது வீண்போகவில்லை.

சிஞ்ஞோரா கிட்ட வந்தார். என் பக்கத்துக் குழிகளை நான் திருப்பிய அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "தள்ளு" என்று என்னை இடுப்பால் இடித்து, குச்சியைப் பிடுங்கிக்கொண்டார். வாழ்க்கை முழுக்கச் சோற்றை உருட்டி அரஞ்சீனா பொரித்த மனிசி, பிறத்தியார் உருண்டையைக் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா? அவசரமாக ஒன்றைக் குத்தப் போனார். மருமகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப இல்லை மாமி. பொறுங்கோ."

அந்தக் குசினியில் சிஞ்ஞோராவைப் பொறுக்கச் சொன்னவர் எவரும் அதுவரை பிறக்கவில்லை. நான் முருகனைக் கூப்பிட்டேன். சிஞ்ஞோரா மருமகளைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பொறுத்தார்.

தட்டில் அடுக்கி, கறுப்பாய் இனிப்பாய் ஒரு சோஸ் பூசி, மேலே அந்த மாசிச் சுருளைத் தூவினாள். சூட்டில் சுருள்கள் எழும்பி நெளிந்து ஆடின. சிஞ்ஞோரா, "உயிரோடை இருக்கு!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். ஆனாலும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். உள்ளே நெருப்பு. கண்ணில் தண்ணீர் வர, வாயை ஊதி ஊதி விழுங்கினார்.

"உள்ளுக்குப் பச்சை" என்றார்.

"அப்பிடித்தான் இருக்கும், மாமி."

நம்பாமல் இன்னொன்றைச் சோதித்தார். அதுவும் பச்சை. அடுத்ததும் பச்சை. வேகவில்லை வேகவில்லை என்று சொல்லியபடியே சிஞ்ஞோரா ஒரு தட்டைக் காலி செய்தார். வேலையால் வந்த மகன் கடைசி ஒன்றுக்குக் கைநீட்டினான். சிஞ்ஞோரா அவன் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டி, "சமைச்சவள் இன்னும் சாப்பிடேல்லை" என்றார். சமைத்தவர்கள் இரண்டு பேர் என்பதை நானும் சொல்லவில்லை, எனக்கு வெள்ளிக்கிழமை.

மருமகள் அதைத் தின்று முடித்து, வழக்கம்போல எழுந்து சோபாப் பக்கம் போகத் திரும்பினாள்.

"எங்கை போறாய்?" என்றார் சிஞ்ஞோரா. "அடுப்பை இப்பிடிப் போட்டிட்டு? வந்து துடை."

நான் துடைக்கிற பஞ்சை எடுத்தேன். அவள் ஓடிவந்து அதை என் கையிலிருந்து பறித்தாள். கருகிப் பிடித்த மாவை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தாள். முதுகு குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல். அழுதது நான்தான்.