பால்பவுடர் டப்பாவில் துவரம்பருப்பு

வங்காளத்துப் பெஹாலாவில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால் சாமான் வரும் வழி வாசல் அல்ல, பால்கனி. கம்பியில் ஒரு நைலான் கயிறு, அதன் நுனியில் ஒரு கட்டைப்பை. காய்கறி, மாத்திரை, மீன் வாங்குகிறவர்களுக்கு மீன், எல்லாம் பையில்தான் ஏறி வரும். இந்த ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான். நோய் வந்து ஊரை அடைத்தபோது, ஆளை ஆள் தொடாமல் சாமான் வாங்குங்கள் என்று மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் நாற்பது வருஷமாக அப்படித்தானே வாங்குகிறோம்.

வீட்டில் நான் ஒருத்திதான். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷமாகிவிட்டது. மகள் ஜாதவ்பூரில் இருக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஊரை அடைத்த பிறகு அது டில்லி தூரம் ஆகிவிட்டது. தினமும் காலையில் போன் பண்ணுவாள்.

"அம்மா, அரிசி இருக்கா? பருப்பு இருக்கா? மறைக்காமச் சொல்லு."

"எல்லாம் இருக்கு."

"ஒரு சாமான் இல்லைன்னு தெரிஞ்சாலும் போதும், பாஸ் வாங்கிக் கார் கொண்டுவந்து உன்னைத் தூக்கிட்டு வந்திருவேன்."

"தூக்கிட்டுப் போக நான் என்ன கேஸ் சிலிண்டரா ஏட்டி?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். மகள் வீடு நல்ல வீடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போனால் நான் விருந்தாளி. கரண்டியை எடுத்தால் "விடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்பார்கள். இங்கே என் அடுப்பு, என் சாவி, நான் எழுந்திருக்கிறதுதான் காலை. அதோடு ஒருதடவை போனால் திரும்பி வருவது நடக்காது. இந்த வீட்டை வாடகைக்கு விடலாமே என்று மாப்பிள்ளை இரண்டு தீபாவளியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே ஒரு சாமானும் தட்டக்கூடாது. அதுதான் அப்போது என் கவலை எல்லாம்.

முதல் மாதம் இருந்ததை வைத்து ஓட்டினேன். இரண்டாம் மாதம் டப்பாக்கள் அடி காட்ட ஆரம்பித்தன.

எங்கள் மளிகைக்கடை தெருமுனையில். எப்போதும் நானே நடந்து போய், விரலால் காட்டி வாங்கி வருவேன். விரலுக்கு எந்தப் பாஷையும் வேண்டாம். இப்போது கடைக்குள் யாரையும் விடுவதில்லை. போனில் சொன்னால் தப்பாகிறது, பிறகு சண்டை வருகிறது என்று கடைக்காரர் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சீட்டு எழுதி, பதினோரு மணிக்குத் தெருவில் பலகை போட்ட சைக்கிள் வண்டியில் வரும் வேன் ரிக்ஷாக்காரரிடம் கொடுக்க வேண்டும். மறுநாள் அதே வண்டியில் சாமான் வரும்.

என்னிடம் இருப்பது பட்டன் போன். சீட்டு எழுதலாம் என்றால், நான் மூன்றாம் கிளாஸ். தமிழில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எழுதுவேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், ஒரு நாளைக்கு நாலு வரி. என் தமிழை அந்தக் கடையில் யார் படிப்பார்கள்? வங்காளம் பேசுவேன், மீன்காரியோடு சண்டைகூடப் போடுவேன். எழுத்து தெரியாது. இங்கிலீஷும் தெரியாது.

இது எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியும் என்று நான் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. ஆபீசர் சம்சாரம், படித்தவளாகத்தான் இருப்பாள் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள், நான் கலைக்கவில்லை. கட்டடக் கமிட்டி நோட்டீஸ் வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பேன். "சரிதான்" என்று திருப்பிக் கொடுப்பேன். ஒரு வருஷம் பூஜைக்குப் பிள்ளைகளின் கட்டுரைப் போட்டி வைத்து என்னை ஜட்ஜாகப் போட்டார்கள். வரி கோணாமல் எழுதியிருந்த பிள்ளைக்கு முதல் பரிசு கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாம் மாடி பௌதி நல்லவள். அண்ணன் மனைவியைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் அவளைப் பௌதி என்போம். ஒரு வார்த்தை கேட்டால் லிஸ்ட் எழுதித் தருவாள். கேட்க வாய் வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் போய், எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்லவா?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். டப்பாவையே அனுப்பிவிட்டால் என்ன? நாலு டப்பாவை எடுத்தேன். துவரம்பருப்பு டப்பா, உளுந்து டப்பா, இட்லிக்குப் போடும் புழுங்கலரிசி டப்பா, புளி டப்பா. நோய்க்காலம் அல்லவா, அடியில் கிடந்ததைக் கிண்ணங்களில் கொட்டி வைத்துவிட்டு, வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பளபளவென்று ஆக்கினேன். பதினோரு மணிக்கு ஒவ்வொன்றாகப் பையில் இறக்கினேன்.

ரிக்ஷாக்காரர் மேலே பார்த்தார். இங்கே வயதானவர்களைப் பெரியம்மா என்கிற மாதிரி மாஷிமா என்பார்கள். "மாஷிமா, லிஸ்ட் எங்கே?"

"இதுதான் லிஸ்ட். நிரப்பிக் கொண்டு வா."

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். எனக்கு அன்று முழுவதும் என் மூளையை நினைத்தே சந்தோஷம். மகளிடம் "சாமான் ஆர்டர் போட்டாச்சு" என்று இங்கிலீஷ் வார்த்தை போட்டுச் சொன்னேன்.

மறுநாள் வண்டி வந்தது. முதல் டப்பா பையில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் பை இரண்டாம் மாடி பால்கனியைத் தாண்டித்தான் வர வேண்டும். பௌதி அங்கே நின்று, போகிற பையை எல்லாம் எட்டிப் பார்ப்பாள். "பொட்டோல் காய் நல்லா இருக்கே, எங்கே வாங்கினீங்க?" என்பாள். சில நாள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு "ஒண்ணு எடுத்துக்கிட்டேன் மாஷிமா" என்று குரல் கொடுப்பாள். அன்று பை அவளைத் தாண்டும்போது ஒரு சத்தமும் இல்லை.

டப்பாவைத் திறந்தேன். உள்ளே குழந்தைக்குக் கொடுக்கிற பால்பவுடர், பாக்கெட்டோடு. அடுத்ததில் பிஸ்கட். அடுத்ததில் சானாச்சூர், நம் மிக்சர் மாதிரிக் காரம். கடைசியில் வனஸ்பதி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால்பவுடர் டப்பாதான் என் துவரம்பருப்பு டப்பா. பிஸ்கட் டப்பா உளுந்து. பதினைந்து வருஷமாகத் தினம் திறந்து மூடுகிற டப்பா, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு டப்பா என்றால் உள்ளே இருப்பதுதான். கடையில் அன்று பொட்டலம் போட்டவர் கடைக்காரரின் மச்சினர் என்று பிறகு தெரிந்தது. சாந்த்ராகாச்சியிலிருந்து இரண்டு நாள் தங்க வந்து, ரயில் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டவர். என்னை அவருக்குத் தெரியாது. பாவம், மேலே ஒட்டியிருந்ததைப் படித்து அதன்படியே ஒழுங்காக நிரப்பியிருக்கிறார்.

நான் எழுந்திருப்பதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். கமிட்டி செக்ரட்டரி பாபு. பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ரூல்படி செய்வார். அரை மாடி கீழேயே நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால், நாலு படி தள்ளி பௌதி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. பேசினது வங்காளத்தில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"மாஷிமா, வீட்டுக்கு யார் வந்திருக்காங்க?"

"யாரும் வரலையே."

"மறைக்காதீங்க. வெளியாள் வந்தா கமிட்டிக்குச் சொல்லணும், பதினாலு நாள் கதவைத் திறக்கக் கூடாது. குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"எந்தக் குழந்தை?"

"பால்பவுடர் மேலே போனதை நான் கண்ணால பார்த்தேன்" என்றாள் பௌதி.

"எழுபத்திரண்டு வயசுல எனக்குப் பிறந்திருக்குன்னு நினைச்சியா?"

பௌதி முந்தானைக்குள் சிரித்துவிட்டாள். செக்ரட்டரி பாபு சிரிக்கவில்லை. "நீங்க சொல்லலைன்னா ரிஜிஸ்டர்ல உங்க பொண்ணு நம்பர் இருக்கு. அவங்ககிட்டதான் கேட்கணும்" என்று போனை எடுத்தார்.

அவ்வளவுதான். மகளிடம் இந்த விஷயம் போனால் நாளைக்கே கார் வாசலில் நிற்கும். ஒரு பக்கம் நாற்பது வருஷ மானம், இன்னொரு பக்கம் என் வீடு. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அந்தப் படிக்கட்டில் எனக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"போனை வைங்க, செக்ரட்டரி பாபு. குழந்தையும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்கு உங்க எழுத்து தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. லிஸ்ட் எழுத முடியாம டப்பாவை அனுப்பினேன். அந்த மனுஷர் மேலே இருக்கிறதைப் படிச்சுட்டார்."

செக்ரட்டரி பாபு போனைப் பையில் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ அந்த நோட்டீஸ் எல்லாம்?"

"பார்ப்பேன். படிக்கமாட்டேன்."

பௌதி நாலு படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தாள். "அப்போ கட்டுரைப் போட்டி? என் பையனுக்கு ரெண்டாம் பரிசு கொடுத்தீங்களே மாஷிமா! அவன் ரெண்டு நாள் அழுதான்!"

"அவன் வரி எல்லாம் மேலே ஏறி ஏறிப் போச்சு, நான் என்ன செய்ய?"

"அவன் இப்போ காலேஜ்ல வாத்தியார்!"

"வரி இன்னும் அப்படித்தான் போகுதா?"

அதற்கப்புறம்தான் செக்ரட்டரி பாபு சிரித்தார். சிரித்துச் சிரித்து மாஸ்க் தாடைக்கு வந்துவிட்டது. அவரே பதறி மேலே இழுத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், ஆனால் கதவை மூடின பிறகு கொஞ்சம் அழுதேன். பொய் சொல்லக் கூடாது. மத்தியானம் ரசம் வைத்துச் சாப்பிட்டபோது அழுகை போய்விட்டது. யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி நன்றாகத் தூங்கினேன்.

லிஸ்ட் நான் எழுதித் தருகிறேன் என்று பௌதி சொன்னாள். வேண்டாம் என்றேன். இவ்வளவு ஆன பிறகும் எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் யோசனை வேறு விதமாக ஓடியது. எழுத்து தெரியாவிட்டால் என்ன, சாமானைக் காட்டினால் போதாதா? எந்தச் சாமான் வேண்டுமோ அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடிப்பேன். கடுகு என்றால் கடுகு, சீரகம் என்றால் சீரகம். அதை ஒரு நூலால் கட்டி, எத்தனை கிலோவோ அத்தனை முடிச்சு போடுவேன். அரைக் கிலோ என்றால் முடிச்சு இல்லாமல் ஒரு சுற்று. இனி எதையும் அடியோடு தீர்த்துவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் கடைக்காரரே வண்டியோடு வந்தார், பால்பவுடரையும் மற்றதையும் திருப்பி எடுத்துக்கொள்ள. தெருவில் நின்று எல்லா பால்கனிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"மாஷிமா! குழந்தை சௌக்கியமா?"

"உன் மச்சினர் சாயல்!" என்றேன்.

எதிர்க் கட்டடத்தில்கூடச் சிரித்தார்கள். பிஸ்கட்டை மட்டும் நான் திருப்பித் தரவில்லை, அது நல்ல பிஸ்கட். பொட்டலங்களை இறக்கினேன். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, உளுந்தை மோந்துகூடப் பார்த்தார். "இதில் தப்பே வராது. மூணாம் நம்பர் வீட்டில் 'பருப்பு' என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள், நான் எந்தப் பருப்பைத் தர?" என்றார். அந்த வாரம் எல்லாம் சரியாக வந்தது. துவரம்பருப்பு புதுசு, பெருங்காயம் வாசனையாக இருந்தது. நான் சொல்லாமலே வேறு இரண்டு வீட்டிலிருந்தும் பொட்டலம் இறங்க ஆரம்பித்ததைப் பால்கனியில் நின்று பார்த்தேன்.

மகளுக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? பௌதி சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது, கண்ணாடியில் பாஸ் ஒட்டி. செக்ரட்டரி பாபு அவளைக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை, ரூல். அவள் தெருவில் நின்று அண்ணாந்து கத்தினாள்.

"அம்மா, பையை எடுத்துக்கிட்டு இறங்கு!"

"எதுக்கு?"

"பால்பவுடர் கதை எல்லாம் தெரியும். ஏம்மா என்கிட்டச் சொல்லலை? நான் ஆப்ல போட்டா உன் வீட்டுக்கே வந்துடாதா?"

"இப்போ எல்லாம் சரியா வருது. எது இல்லைன்னு நீ கேளு, நான் சொல்றேன்."

அவள் விடவில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரரைக் கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்டாள். அரிசி? ஐந்து கிலோ. துவரை? இரண்டு. புளி? இருக்கு. வெந்தயம்? இருக்கு. உளுந்து?

"மூணு கிலோ. முழு உளுந்து."

அவள் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"முழு உளுந்தா? உன் கடையில் கிடைக்குதா?"

"ஏன், உன் ஆப்ல இல்லையா?"

"மூணு வாரமா 'ஸ்டாக் இல்லை'தான் வருது. உன் பேரன் தினம் பிரெட் தின்னுட்டு இருக்கான். தோசை கேட்டு என் உயிரை எடுக்கறான்."

"எவ்வளவு வேணும்?"

"ரெண்டு கிலோ தர முடியுமா? அடுத்த வாரம் உன் கடைக்காரர்கிட்டச் சொல்லி இன்னும் கொஞ்சம் வாங்கி வைம்மா. நான் வந்து எடுத்துக்கறேன்."

அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால், எடுத்துக் கொடுக்க நான் இங்கே இருக்க வேண்டும். அவளுக்கும் அது அந்த நிமிஷம் புரிந்திருக்கும். பையை எடுத்துக்கிட்டு இறங்கு என்று அவள் மறுபடி சொல்லவில்லை.

உளுந்தைக் கட்டி இறக்கினேன், கூடவே பேரனுக்கு இட்லிமிளகாய்ப்பொடி. எனக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று அவள் கார் முன்சீட்டில் ஒரு தலையணை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். உளுந்துப் பையை அதன்மேல் சாய்த்து வைத்து, கொட்டிவிடாமல் பெல்ட்டையும் போட்டுவிட்டாள். பௌதி இரண்டாம் மாடியிலிருந்து கை காட்டினாள். கார் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டு, நான் உள்ளே போய் மறுநாள் இட்லிக்கு அரிசியை ஊறப் போட்டேன்.