பிள்ளை உடன் இருக்க வேண்டும்

பஸ் டிப்போவில் அவளுக்கு வைத்த பெயர் சைலன்சர். எத்தனை நெரிசலிலும் ஹாரனைத் தொட மாட்டாள். எவனாவது குறுக்கே வந்து விழுந்தாலும் பிரேக்கை மிதிப்பாளே தவிர, ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். மற்ற டிரைவர்கள் இதைப் பெரிய பொறுமை என்று மெச்சிக்கொண்டார்கள். பொறுமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுக்குக் கோபம் வருவது நின்று கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கூடவே மற்றதெல்லாமும் நின்று போயிருந்தது.

மகள் பிறந்த வருடம் பாதியில் விட்ட பட்டப்படிப்பை அவள் மறுபடி தொடங்கியிருந்தாள். முதுகுவலி இனி அந்த சீட்டில் அதிக நாள் உட்கார விடாது. பட்டம் கையில் இருந்தால் டிப்போ அலுவலகத்தில், எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று திட்டம் போடுகிற மேசைக்குப் போகலாம். கணவன் எப்போதோ கைகழுவிவிட்டுப் போனவன். படிக்கப் பணம் வந்தது ஓர் உதவித்தொகையிலிருந்து. டயர் வியாபாரம் செய்து ஓய்ந்த ஓர் அம்மாள், பல்கலைக்கழகத்தில் பெரிய தொகை ஒன்றை அறக்கட்டளையாகப் போட்டு வைத்திருந்தார். அசலில் கை வைக்காமல், வட்டியில் வருடத்துக்கு இரண்டு பேர் படிக்கலாம். பிள்ளைக்காகப் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்த அம்மாவோ அப்பாவோ, யாராக இருந்தாலும் சரி. நிபந்தனை ஒன்றே ஒன்று. பிள்ளை அவர்களோடு இருக்க வேண்டும்.

சேர்ந்தபோது மகள் அவளோடுதான் இருந்தாள். ஆனால் அதிகாலையில் வண்டி, பகலில் வகுப்பு, சாயங்காலம் மறுபடி வண்டி என்றால், நடுவில் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அக்கா வீடுதான் இருந்தது. அக்கா, வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவள், பிள்ளை இல்லாதவள். முதலில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கொஞ்ச நேரம் என்று ஆரம்பித்தது. பிறகு சாப்பாடும் அங்கேயே ஆனது. "தூங்கற பிள்ளையை எதுக்குடி எழுப்பி இழுத்துட்டுப் போறே?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அவள் தனியாக வீட்டுக்குப் போனாள். பல் துலக்கும் பிரஷ் போனது, புத்தகப் பை போனது, செருப்பும் போனது. ஒருநாள் தன் யூனிபார்மை எடுக்க அலமாரியைத் திறந்தவள், மகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள் மட்டும் அதில் மிஞ்சியிருப்பதைப் பார்த்தாள். அழுகை வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தாள். வரவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டாள்.

வருடத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்தில் மதிய விருந்து நடக்கும். உதவி பெறுகிறவர்கள் பிள்ளையோடு வர வேண்டும். பிள்ளை தன் கையாலேயே பெற்றவருக்கு ஒரு பேட்ஜ் குத்திவிட வேண்டும். டயர் அம்மாள் கொண்டுவந்த வழக்கம் அது. அதற்குப் பிறகுதான் அடுத்த வருட உதவி உறுதியாகும்.

வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, ஆறிப்போன சூப், கழுத்தைப் பிடிக்கிற சட்டைகளில் பேராசிரியர்கள். அக்காவும் வந்திருந்தாள், பிள்ளைக்குத் தலைவாரிக் கூட்டி வந்ததே அவள்தான். முதலில், குழாய் ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற ஒருவருக்கு அவர் மகன் பேட்ஜைத் தலைகீழாகக் குத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்தது சைலன்சரின் மகள். ஏழு வயது. பேட்ஜை வாங்கிக்கொண்டு நேராக நடந்து போய்ப் பெரியம்மாவுக்குக் குத்தினாள்.

பிள்ளைமேல் குற்றம் சொல்ல முடியாது. தினமும் காலையில் அவளுக்குப் பள்ளிக்கூட பேட்ஜைக் குத்திவிடுகிறவள் பெரியம்மா. இன்றைக்குத் தன் முறை என்று நினைத்திருப்பாள். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அம்மாவுக்குடா கண்ணு," என்று அவசர அவசரமாகக் கழற்றித் தங்கைக்குக் குத்திவிட்டாள். 

டயர் அம்மாள் சிரித்தார். சிரித்து முடித்தபின் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கம்மாவும் இப்படித்தான் கஷ்டப்பட்டுப் படிச்சாங்க. நான் சித்தி வீட்டுல வளர்ந்தேன். சித்தி என்னை ஒரு குறையும் இல்லாமத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா அம்மா பட்டம் வாங்கின போட்டோவைக் காட்டினப்போ, இது யாருன்னு கேட்டேனாம். அதுக்குத்தான் அந்த ஒரு கண்டிஷன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "பாப்பா உங்ககூடத்தானே இருக்கா?"

இல்லை என்றால் படிப்பு இன்றோடு முடிந்தது. டிப்போ மேசை போகும், முதுகு போகும்வரை ஸ்டீயரிங்தான். ஆனால் வகுப்புக் குறிப்புகளும் பரீட்சையும் இல்லாத வீட்டில் மகளை மறுபடி வைத்துக்கொள்ளலாம். ஆமாம் என்றால் இன்னும் இரண்டு வருடம், பிள்ளை இப்போது இருக்கிற இடத்திலேயே.

"என்கூடத்தான் இருக்கா," என்றாள்.

குரல் பிசிறவில்லை. வெட்கமாவது வரும் என்று எதிர்பார்த்தாள், அதுவும் வரவில்லை. அக்கா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மகள் மட்டும் நிமிர்ந்து அம்மாவையே பார்த்தாள். அம்மாள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் அவள் எடுத்த வண்டியிலேயே அக்காவும் மகளும் ஏறினார்கள். அக்கா வீடு அந்த வழியில்தான். மகள் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நிறுத்தம் வந்ததும் சைலன்சர் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தாள். அக்கா இறங்கி, பிள்ளையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். மகள் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா."

"ம்."

"நான் உன்கூடத்தான் இருக்கேன்னு அந்தம்மாகிட்ட சொன்னியே. அப்போ இனிமே நான் இங்க இறங்க வேணாம்தானே?"

அக்கா நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டாள். பின்னால் யாரோ பொறுமையில்லாமல் தொண்டையைச் செருமினார். இன்னும் மூன்று நடை பாக்கி இருந்தது, காலையில் பரீட்சை.

"படியில நிக்காத, இறங்கு. பின்னாடி ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க." எல்லாப் பயணிகளிடமும் சொல்கிற அதே குரல்தான் வந்தது.

"சரி," என்று மகள் இறங்கினாள். அடம் பிடிக்கவில்லை, கண் கலங்கவில்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த முகத்தை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான். கதவை மூட வேண்டிய கை பொத்தானுக்குப் போகவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்கு வலித்தது.