எழும்பாத வகுப்பு

கொன்ஸ்ரன்ரைன் வாத்தியாரின் கனவில் அடிக்கடி ஒரு கதவு வந்தது. ஓடு போட்ட பள்ளிக்கூடம். நீளமான விறாந்தை. அதன் கோடியில் தலைமை ஆசிரியரின் அறை. கதவைத் தள்ளினால் கைபிடி வைத்த கதிரை ஒன்று யன்னல் வெளிச்சத்தில் கிடக்கும். யன்னலுக்கு வெளியே மரங்கள் மட்டும். எங்கேயோ ஒரு குறை இருப்பதாகத் தோன்றும். கடலின் இரைச்சல் இல்லை என்பது பிடிபட்டதும் விழிப்பு வந்துவிடும். விழித்தால் கடல் இரைந்துகொண்டிருக்கும்.

முள்ளிமுனைப் பள்ளிக்கூடத்துக்குக் கதவு கிடையாது. இடுப்பளவு மண்சுவர், கிடுகுக் கூரை, கடற்பக்கம் முழுவதும் திறந்த வெளி. அது மிஷன் பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில் அவர் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர். அதே வெளியைப் பார்த்தபடி தலை நரைத்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார். பிறகு அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்தது. கோயிலில் சனம் அழுதது. அவரும் அவர்களோடு முழந்தாளிட்டிருந்தார். ஆனால் மனதுக்குள் ஒரு பஸ் புறப்பட்டு, காட்டு வழியே தூசி கிளப்பிக்கொண்டு போனது. இனி இடமாற்றம் உண்டு. பதவி உயர்வு உண்டு. வட்டக்கச்சியில் குடியேற்றப் பள்ளிக்கூடம் ஒன்று தலைமை ஆசிரியர் இல்லாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டார். அதற்கு ஓட்டுக் கூரை என்றும் கேள்விப்பட்டார்.

பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வித்தியாதரிசி நடராசா வந்து ஒரு பாடத்தைப் பார்த்துத் திருப்தி என்று எழுதவேண்டும். வேறு தடை இல்லை.

நடராசா முன்பும் ஒரு முறை வந்தவர்தான். அன்று மீனைச் சுற்றிக் கரைவலை வளைத்துவிட்டார்கள்; அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்றுதான் இழுக்கவேண்டும். மணல்மேட்டில் மீன் பார்த்து நிற்கிறவர் வெள்ளைத் துணியை வீசினால், அந்தக் கரையில் கையுள்ள எவரும் கயிற்றுக்கு வரவேண்டும். சமைக்கிறவள் அடுப்பை விட்டு வருவாள். செபமாலை சொல்லுகிறவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருவாள். இழுத்த கைக்குப் பங்கு உண்டு. பிள்ளைக் கைக்கும் உண்டு. துணி அசைந்ததும் வகுப்பு முழுவதும் மண்சுவரைத் தாண்டிப் போய்விட்டது. வித்தியாதரிசி குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத வாங்குப் பலகைகளைப் பார்த்தார்.

"மாஸ்ரர், நீங்கள் ஆருக்குப் படிப்பிக்கிறியள்? வாங்குக்கோ?"

இரண்டாம் முறை வரப்போகிறார் என்று தெரிந்ததும் வாத்தியார் யோசெப் சம்மாட்டியிடம் போனார். கரைவலை சம்மாட்டியுடையது. அவருடைய மகள் புனிதம்தான் வாத்தியாரின் மனைவி. சம்மாட்டி கரையோரக் கொட்டிலான வாடியில் ஆட்களோடு இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அவர் வாற அண்டைக்கு மட்டும் வலையை வாடியிலை வைக்கவேணும், மாமா."

"வைக்கிறன். வேறை?"

"அதுக்கு முதல் கொஞ்ச நாளைக்குச் சும்மா துணியை வீசச் சொல்லுங்கோ. பிள்ளையள் எழும்பாம இருந்து பழகவேணும். எங்கையாவது ஒரு வேட்டி காயப் போட்டிருந்தாலே அதுகள் ஓடிவிடுங்கள்."

"மீனில்லாமத் துணி வீசுறதோ? கடல் என்ன நினைக்கும், மருமோன்?"

"கடலுக்கு நான் சொல்லுறன்."

"சொல்லும், சொல்லும். அதையும் இரண்டாம் வகுப்பிலை சேர்த்துவிடும்."

வாடி முழுவதும் சிரித்தது. சம்மாட்டியும் சிரித்தார். பிறகு, "உமக்கு உத்தியோகம் உயர்ந்தா எங்களுக்கும் பெருமைதானே" என்றார்.

பெரியவர்களுக்குச் சம்மாட்டி முன்பே சொல்லிவைத்தார். முதல் நாள் துணி அசைந்தபோது பாதி வகுப்பு ஓடியது. வெறும் கடலைப் பார்த்து ஏமாந்து திரும்பி வந்தது. வாத்தியார் அதை ஒரு விளையாட்டாக்கினார். இது பொய்த்துணி, ஆடாமல் அசையாமல் இருக்கிறவர்தான் வென்றவர். வகுப்பில் சின்னவளான யூலிற்றா வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்து பழகினாள். அந்த வாரம் முடிவதற்குள் துணி அசைந்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைக்க மட்டும் செய்தார்கள்.

நடராசா வந்த காலையில் சோளகம் வீசிக்கொண்டிருந்தது. கடல் படுத்துக் கிடந்தது. பாடம் பூமிசாத்திரம். வாத்தியார் கரும்பலகையில் இரணைமடுக் குளத்தைக் கீறினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் குளம் கண்டதில்லை.

"அதிலை அலை அடிக்குமோ, சேர்?"

"சின்ன அலை."

"உப்பில்லையோ?"

"இல்லை. குடிக்கலாம்."

குடிக்கக்கூடிய கடல் ஒன்றை நினைத்துச் சிலர் உதட்டை நக்கிப் பார்த்தார்கள். வித்தியாதரிசி தலையை ஆட்டினார்.

அப்போது மணல்மேட்டில் துணி அசைந்தது.

வாத்தியார்தான் முதலில் கண்டார். வலை வாடியில் இருக்கவேண்டிய நாள் அது. துணிக்கு அப்பால் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. வானத்தில் முகில் இல்லை. ஆனால் கரைக்குக் கிட்ட முகிலின் நிழல் ஒன்று மெல்ல நகர்ந்தது. பாரை மீன் கூட்டம். சம்மாட்டியின் தோணி அதைச் சுற்றி வலையை இறக்கிக்கொண்டு போனது.

பிள்ளைகளும் துணியைக் கண்டார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். எல்லாக் கண்களிலும் அதே புன்னகை. யூலிற்றா வாங்கைப் பிடித்துக் கண்ணை மூடினாள். ஒருவரும் எழும்பவில்லை.

ஒரு சொல் போதும். ஓடுங்கோ என்றால் போதும். சோக்கட்டி கையில் இருந்தது. அந்த நீளமான விறாந்தையில் தான் நடந்துபோவது போல இருந்தது அவருக்கு. கதவு கிட்ட வந்தது. அவர் குளத்திலிருந்து ஒரு வாய்க்காலைக் கீறினார். அதிலிருந்து இன்னொரு வாய்க்காலை. தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். வயலுக்கு, சேர், என்று வகுப்பு சொன்னது.

வெளியே கயிறு இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டுத் தொடங்கியது. முதலில் உரத்துக் கேட்டது. பிறகு ஒரு பக்கத்துக் குரல்கள் மெலிந்தன. பாட்டு இழுபட்டது. அவர் வாய்க்கால்களைக் கீறிக்கொண்டே இருந்தார். பாட்டு நின்றது.

"இந்தக் கரையிலை இப்பிடி ஒரு வகுப்பை நான் காணேல்லை, மாஸ்ரர்" என்றார் வித்தியாதரிசி.

பின்னேரம் வாத்தியார் கடற்கரைக்குப் போனார். ஒரு பக்கக் கயிற்றுக்குக் கை போதாமல், ஆள் காணாமல் வலை சரிந்து, நீரோட்டம் அதைத் திருப்பிவிட்டது. மீன் அந்தப் பக்கத்தால் போய்விட்டது. வலையின் மடியில் பாசியும் கொஞ்சம் சூடை மீனும்தான் மிஞ்சின. பிள்ளைகளுக்கு அதற்குள் வீடுகளில் அடி விழுந்திருந்தது. சம்மாட்டி கயிற்றுச் சுருளின் மேல் குந்தியிருந்தார்.

"பிழை என்ரை, மருமோன். வலை போடேன் எண்டு சொன்னவன் நான்தானே. கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டிட்டுது. மனம் கேக்கேல்லை."

வாத்தியார் மணலைப் பார்த்தார்.

"நீரும் பொய்த்துணி எண்டுதானே நினைச்சிருப்பீர்?"

"ஓம், மாமா."

சம்மாட்டி அவருடைய தோளில் தட்டினார். அன்று இரவு மீனில்லாத சோற்றுக்குப் புனிதம் சம்பல் அரைத்தாள்.

மறுநாள் யூலிற்றா மேசைக்குக் கிட்ட வந்து நின்றாள். கெண்டைக்காலில் பிரம்புத் தழும்பு சிவந்திருந்தது.

"சேர், நாங்கள் வெண்டிட்டமோ?"

"ஓம்" என்றார் அவர்.

சில மாதங்களில் வட்டக்கச்சிக்கு நியமனம் வந்தது. வழியனுப்ப முழுக் கரையும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தது. சம்மாட்டி ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்தார். பரந்தனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, கருவாட்டு மணத்துக்குச் சனம் விலகி நின்றது. ஒரு காலத்தில் அவர் அதற்கு வெட்கப்பட்டிருப்பார்.

பள்ளிக்கூடம் கனவில் இருந்தபடியே இருந்தது. ஓடு, விறாந்தை, கதவு. கதவைத் தள்ளினார். கைபிடிக் கதிரை யன்னல் வெளிச்சத்தில் கிடந்தது. அவர் போய் அதில் இருந்தார். வெளியே மரங்கள் ஓசையில்லாமல் ஆடின. விழிப்பு வருமென்று காத்திருப்பவரைப் போல வெகுநேரம் இருந்தார்.

"இஞ்சை காத்துக்கும் மணமில்லை" என்றாள் புனிதம்.

அவருக்கு இரவில் நித்திரை குறைந்தது. கண்ணை மூடினால் பாட்டு கேட்கும். அது எப்போதும் அதே இடத்தில் நிற்கும்.

மாசியில், நெல் முற்றிவரும் நாட்களில், ஓர் ஆசிரியை வராததால் அவரே அந்த வகுப்புக்குப் போனார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். யன்னலுக்கு வெளியே வயல். வயலின் நடுவில், வரம்பில் நின்று யாரோ வெள்ளைத் துணியை வீசினார்கள்.

அவர் எழுந்துவிட்டார்.

ஆசிரியர் எழும்பினால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் எழும்பவேண்டும். வாங்குகள் கிரீச்சிட்டன. முழு வகுப்பும் எழுந்து நின்றது. இருங்கோ என்ற சொல்லுக்குக் காத்து நின்றது. அவர் அத்தனை முகங்களையும் பார்த்தார்.

"ஓடுங்கோ" என்றார்.

"எங்கை, சேர்?"

அவர் துணியைக் காட்டினார்.

பிள்ளைகள் விறாந்தையால் பாய்ந்து வரம்பில் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் தலைமை ஆசிரியர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். நெல்லில் இருந்த குருவிக் கூட்டம் கலைந்து எழும்பியது. அதன் நிழல் வயலின் மேல் மெல்ல நகர்ந்தது. துணி வீசியவர் அந்த வயலின் கமக்காரர் அப்புத்துரை. சால்வையைக் கையில் பிடித்தபடி வாய் திறந்து நின்றார்.

"என்ன வாத்தியார், பள்ளிக்கூடத்திலை நெருப்புப் பத்திட்டுதோ?"

வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. கயிற்றைப் பிடிக்கப் போகிறவர் போல இரண்டு கைகளையும் முன்னே நீட்டியபடி நின்றார்.

"இல்லை. ஆள் காணாதாக்கும் எண்டு நினைச்சன்."

"குருவி கலைக்கவோ?"

அப்புத்துரை விழுந்து விழுந்து சிரித்தார். வாத்தியார் கைகளை இறக்கவில்லை.