செவ்வாய்க்கிழமை நாற்காலி

போன வாரம் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மையார்குப்பத்து மஞ்சுவின் அம்மா.

"மேடம், செவ்வாக்கெழம ஆனா மஞ்சு வேலைக்கே போவ மாட்டேங்குது. வாசல்ல சேர் போட்டுகினு உங்களுக்காவ குந்திகினு கீது. முதலாளி வேற ஆள வச்சிக்கிறேன்றாரு!"



என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்... அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பழக்குவது. என் பட்டியலில் நாற்பது பேர். புதிதாக ஒருவர் சேர வேண்டுமானால், தேறிய ஒருவரின் ஃபைலை மூட வேண்டும்; அவர் மறுபடி தடுமாறினால் மட்டும் திரும்பத் திறக்கலாம்.

மஞ்சு தேறியவள். இருபத்தாறு வயது. இரண்டு வருஷம் செவ்வாய்தோறும் போய், பக்கத்துத் தெரு பவர்லூமில் நூல் சுற்றும் வேலைக்குப் பழக்கினேன். கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காத நாளில்கூட ஷேர் ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஃபைலை மூடினேன். ஆபீஸில் ஸ்வீட் வேறு கொடுத்தேன் — பெரிய சாதனையாம்!

மஞ்சுவின் அம்மாவிடம் விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். மஞ்சுவிடம்? சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாளே ஓடினேன். முதலில் முதலாளியைப் பார்த்தேன். அடுத்த செவ்வாய் வரை பொறுப்பதாகச் சொன்னார். பிறகு மஞ்சு வீடு.

"ஏம்மா, செவ்வாக்கெழம வேலைக்குப் போறதில்லையாமே?"

"நீதானேக்கா வரேன்னு சொல்ட்டுப் போன?"

கிளம்பும்போது நம்மில் யாராவது 'போறேன்' என்கிறோமா? அபசகுனமாயிற்றே! கடைசியாக வந்த அன்றும் வழக்கம்போல 'வரேன் மஞ்சு' என்றுதான் கிளம்பியிருக்கிறேன். எனக்கு அது வாய்ப்பழக்கம். அவளுக்கு அது வாக்கு. எட்டு செவ்வாய் உட்கார்ந்து காத்திருக்கிறாள், பாவம்.

பக்கத்தில் உட்கார்ந்து, பூசி மெழுகாமல் சொன்னேன்.

"இனிமே நான் வர மாட்டேன் மஞ்சு. செவ்வாக்கெழமயும் நீ வேலைக்குப் போவணும்."

முகம் சுருங்கிவிட்டது.

"ஏங்க்கா... நான் தப்பு பண்ட்டனா?"

"ஐயோ, இல்லடா! நீ எல்லாம் நல்லா கத்துக்கின. அதனாலதான்."

மஞ்சு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப, தப்பு பண்ணா வருவியா?"

எங்கள் ஆபீஸ் விதிப்படி இதற்குப் பதில் — 'ஆமாம்'.