பொட்டு நிற்காத வண்டி

மதாம் ருக்மணி இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் என் கணவர் வந்து நின்றார். வேலை நாளில் லாஸ்பேட்டை ஆபீசிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வருகிறவர் இல்லை அவர். முகத்தைப் பார்த்ததுமே யாருக்கோ என்னவோ என்று புரிந்துவிட்டது. காலையில் மதாமுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. யாரையும் கூப்பிடாமல் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டி, சாவியை நர்சிடம் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாராம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முத்தியால்பேட்டையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆபத்துக்கு அவர் வண்டியில் ஏறாத குடும்பமும் குறைவு. பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். தைரியசாலி என்றீர்கள், தங்கமான மனுஷி என்றீர்கள். செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கும் அவரிடம் சொல்லக் குறை ஒன்றும் இல்லை. இருக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவள். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அதனால்தான் இவர் தெருவுக்கே மதாம் ஆனார். கணவர் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. பொழுது போகாத சாயங்காலங்களில் மனைவியைத் தவளக்குப்பம் ரோட்டுக்கு அழைத்துப்போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் போன கொஞ்ச காலத்தில் காரும் போய்விட்டது. எங்கள் பக்கத்து உப்புக் காற்று மனிதர்களைவிட இரும்பைச் சீக்கிரம் தின்னும். கதவுகளின் அடிப்பகுதி அப்பளம் மாதிரி நொறுங்கியது. விதவைக்கு வரும் பாதிப் பென்ஷனில் சாப்பிட்டுக்கொண்டு சும்மா கிடக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சும்மா கிடப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. புது அம்பாசிடருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார். அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்பது அவர் ஆசை.

காத்திருந்த காலத்தில் அவர் செய்த வேலையைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பழைய காரின் கதவு ஒன்றைக் கழற்றி, மொட்டை மாடியில் கடலைப் பார்த்த சுவரில் மாட்டினார். அதில் நிக்கல் பட்டை, ஜன்னல் ரப்பர் எல்லாம் அப்படியே இருந்தன. புது வண்டியை உப்பு தின்னாமல் எந்தப் பூச்சு காக்கும் என்று பார்க்க, கதவை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார். ஒரு பாகத்துக்குப் பட்டறை பெயின்டரை வைத்து வார்னிஷ் அடிக்கச் செய்தார். இன்னொன்றுக்கு மெட்ராஸிலிருந்து வந்த பளபளப்பு ஸ்பிரே. மூன்றாவதுக்குக் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி பிரான்சிலிருந்து கொண்டுவந்த டப்பா. அதன் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததை ஜபம் மாதிரி வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார்: வெயிலில் வைத்து அடிக்கக் கூடாது, ரப்பருக்கும் நிக்கலுக்கும் ஆகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பென்று, தெருக்குழாயில் பிடித்த தண்ணீரால்தான் கதவைக் கழுவினார்.

"உப்பு மேல மருந்து அடிச்சா, திருடன உள்ள வெச்சு வீட்டப் பூட்டுன மாதிரி, டீச்சர்" என்றார்.

ஐப்பசி மழையும் பங்குனி வெயிலும் அந்தக் கதவின் மேல் போயின. நான் துணி காயப் போடும்போதெல்லாம் அது என்னை முறைத்துக்கொண்டிருக்கும். வார்னிஷ் மஞ்சளித்து உரிந்தது, ரப்பரையும் வெடிக்க வைத்தது. மெட்ராஸ் ஸ்பிரே நன்றாகத்தான் மின்னியது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் தெருப் புழுதி எல்லாம் அங்கேயே குடியேறிவிட்டது. பிரான்ஸ் டப்பா அடித்த பாகத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தூசியும் அதோடு போய்விடும். நிக்கல் பட்டையில் ஒரு புள்ளி துரு இல்லை. மதாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "வுவாலா, இதுதான். இதுல எதுவுமே ஒட்டாது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

வண்டி வந்தது. வெள்ளை அம்பாசிடர். வந்த மறுநாளே அதைக் கழுவித் துடைத்து, மோட்டார் கொட்டகை நிழலில் வைத்து, கூரையிலிருந்து பம்பர் வரை தன் கையாலேயே, பிரான்சிலிருந்து இன்னும் வரவழைத்திருந்த அந்த மருந்தை அடித்து முடித்தார். கண்ணாடியைக்கூட விடவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பூஜை. மதாம் சற்று ஒதுங்கி, பின்னால் நின்றார். வண்டிக்கு முன்னால் அவருடைய கொழுந்தன், கணவரின் கூடப்பிறந்த தம்பி நடராசன் நின்றார். அண்ணன் வண்டி ஓட்டிய தொழில் தனக்கு வரவேண்டியது, அண்ணி வீட்டோடு இருக்க வேண்டியவள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும்.

குருக்கள் சந்தனத்தைக் குழைத்து பானெட்டில் வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினார். அது ஒரு கணம் இருந்துவிட்டு மெதுவாக வழுக்கிக்கொண்டு பம்பர் வரை போய்த் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் வழுக்கியது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் நிற்கவில்லை. எலுமிச்சம்பழத்தில் ஏற்றியாகிவிட்டது, அது போதும் என்று குருக்கள் தன் வேலையை முடித்துக்கொண்டார். அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நடராசன்தான் சொன்னார், சத்தமாகக்கூட இல்லை:

"எங்க அண்ணன் இருந்திருந்தா நின்னிருக்கும்."

அவ்வளவுதான். நெற்றியில் பொட்டில்லாத பெண்ணின் வண்டியில் பொட்டு நிற்கவில்லை என்ற பேச்சு அன்று சாயங்காலத்துக்குள் நம் தெருக்களை எல்லாம் சுற்றிவந்துவிட்டது. மருந்தின் குணம் அது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்டுத் தலையாட்டினீர்கள். அப்புறம், கல்யாணத்துக்கு வண்டி பேசியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மதாமிடம் வந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டில் வேறு வண்டி சொல்லிவிட்டார்கள் என்றீர்கள். தேதி தள்ளிப்போகிறது என்றீர்கள். தள்ளிப்போன அந்தக் கல்யாணம் சொன்ன தேதியிலேயே நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்திருந்தது. கல்யாணத்துக்கு விடும்போது தான் ஓட்டக் கூடாது என்று மதாமே முடிவு செய்து, ஒரு டிரைவரைப் பேசி வைத்திருந்தார். தன்னை அவ்வளவு ஒதுக்கிக்கொண்டும் அது போதவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பட்டறையில் போய்க் கேட்டேன். பானெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் மருந்து போய்விடும், அங்கே பொட்டு நிற்கும் என்றார்கள். பெரிய யோசனை கண்டுபிடித்தவளாக வந்து சொன்னேன். அவர் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"மொதல்ல அந்த எடத்துலதான் துரு ஏறும், டீச்சர். இவங்க மனசு ஆறணும்னு என் வண்டிய நானே சொரண்டணுமா? பொட்டுக்கு நான் எடம் குடுத்தா, அடுத்தது வேற எதுனா கேப்பாங்க."

கல்யாண வாடகை ஒன்றுகூட வரவில்லை. ஆனால் வண்டி சும்மா நிற்கவில்லை. அதற்கும் காரணம் நீங்கள்தான். பிரசவ வலி, பாம்புக்கடி, கை உடைந்த பிள்ளை, மூச்சு இழுக்கும் பெரியவர் என்றால் மதாம் வீட்டுக் கதவைத்தான் தட்டினீர்கள். அவர் கைக்காரியத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார். டாக்டர் பிழைக்க வைத்த பிறகு, பிள்ளையோடு வீட்டுக்கு வரும்போது மட்டும் ஸ்டாண்டிலிருந்து வேறு வண்டி வரும். அவர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்துவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்புவார். முதலில் சிலமுறை அப்படிக் காத்திருந்தார், பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டார். "போறதுக்கு நானு, வர்றதுக்கு வேற வண்டி. ஊர்ல அப்படி வெச்சிருக்காங்க" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

நடராசனின் மகளுக்கு ஒரு பகல் வேளையில் வலி எடுத்தது. ஓடிவந்தவர் நடராசனேதான். மதாம் அந்தப் பெண்ணைப் பின்சீட்டில் படுக்க வைத்து, கடைத்தெருக் கூட்டத்தில் ஹாரன் அடித்தபடியே கொண்டுபோய்ச் சேர்த்தார். சீட் முழுக்க நனைந்துவிட்டது. ஆண் குழந்தை. நடராசன் வாசலில் சர்க்கரை கொடுத்தார். குழந்தையைக் கூட்டிவரப் பூமாலை கட்டிய வாடகைக் கார் போயிற்று, அதன் பானெட்டில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. அந்த நேரத்தில் மதாம் கொல்லையில் தன் சீட் உறையைத் துவைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாடிப்படியில் நின்று நடராசனை நேராகவே கேட்டுவிட்டேன், வெட்கமாக இல்லையா என்று. குழந்தை விஷயம் டீச்சர், நம்ம கையில என்ன இருக்குது என்றார். மதாம்தான் என்னை உள்ளே போகச் சொன்னார்.

பிறகு எனக்கு முறை வந்தது. அவர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் பிறந்தாள். வீட்டுக்குக் கிளம்புகிற அன்று என் மாமியார் அழுதார், முதல் பேத்தி, அந்த வண்டி வேண்டாம் என்று. என் கணவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வேறு வண்டி சொல்லவும் இல்லை. அந்த மட்டுக்கு அவர் நல்லவர். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது மதாம் வாசலிலிருந்து எட்டவே, மதில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். குழந்தையைப் பார்க்க மட்டும் வந்திருக்கிறார்.

"வேற வண்டி எப்போ வருது?" என்று கேட்டார்.

"வேற வண்டி இல்ல, மதாம். உங்க வண்டிதான்."

அவர் பின்கதவைத் திறந்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த சீட்டை முந்தானையால் துடைத்தார். மாமியார் சைக்கிள் ரிக்ஷா பிடித்துப் பின்னால் வந்தார். பாதி வழியில் அந்த ரிக்ஷா எங்களை முந்திப்போய்விட்டது. அவ்வளவு மெதுவாக ஓட்டினார் மதாம். வீட்டு வாசலில் இறங்கியபோது, "யாராவது எதுனா சொன்னாங்கன்னா எங்கிட்ட வந்து சொல்லாதீங்க, டீச்சர்" என்றார். அன்றுதான் அவர் கண் கலங்கிப் பார்த்தேன்.

இப்போது வண்டி நடராசனிடம் இருக்கிறது. சட்டப்படி அவருக்குத்தான் போக வேண்டுமாம். மீதமிருந்த பிரான்ஸ் டப்பாக்களைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டார். காரியம் முடிந்த வாரமே பானெட்டின் நடுவில் எமரித் தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். பொட்டு நிற்கிறது. ஆனி மாத முகூர்த்தங்களுக்கு எல்லாம் வாடகை பேசியாகிவிட்டது. முதலில் பேசியவர்கள், அன்று கல்யாணத் தேதி தள்ளிப்போகிறது என்று மதாமிடம் சொன்ன அதே வீட்டார். இந்த முறை இளைய மகனுக்கு. பெயர் சொல்ல மாட்டேன். அவர்களும் இதைப் படிப்பார்கள். மனிதர் போனதும் வண்டிக்குத் தீட்டுப் போய்விட்டது என்றால், நீங்கள் பயந்தது பொட்டுக்கு இல்லை. அவர் உங்கள் முன்னால் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு போனதைத்தான் உங்களால் பார்க்க முடியவில்லை.

அவர் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார் நடராசன். நான் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த வண்டியில் வீட்டுக்கு வந்த குழந்தை இந்த ஊரிலேயே ஒன்றுதான், அது என் மகள். மதாம் வழியாக எனக்குக் கிடைத்தது அவள். இப்போது மாடிப்படியைத் தானே பிடித்து ஏறுகிறாள், இறங்குகிறாள், நாள் முழுக்கப் பேசுகிறாள். நன்றாக இருக்கிறாள். சந்தேகம் உள்ளவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.