ஒரு கதவு, இரண்டு அடுப்பு

மண்சரியும் அபாயமுள்ள தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யார் யாருக்குப் புது வீடு தேவை என்று கணக்கெடுக்க, நாற்பது கேள்விகள் கொண்ட வினாக்கொத்தை நான்தான் எழுதினேன். முதல் கேள்வி: "இந்த வீட்டில் எத்தனை பேர்?" இதைவிடத் தெளிவாக எவராலும் கேட்க முடியாது என்று எனக்கு ஒரு திமிர். ஹட்டன் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஆறு பேரிடம் கேட்டுச் சோதித்தும் பார்த்தேன். ஆறு பேரும் தனி வீட்டுக்காரர்கள். கேள்வி அருமையாக வேலை செய்தது.

இறம்பொடைப் பக்கம் ஒரு லயத்தில், ஒரே அறைக்குள் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்தன. நடுவில் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. எங்கள் மலையில் அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு. நானும் லயத்தில் பிறந்தவள்தான். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணன் மனைவி தேத்தண்ணி கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் தம்பி மனைவியும் தன் அடுப்பில் போட்டு ஒரு கோப்பை கொண்டுவந்தார். வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படும். இரண்டையும் குடித்தேன்.

"எங்களத் தனியா எழுதிக்கங்க மிஸ்," என்றார் தம்பி மனைவி. "பின்சுவரு வெடிச்சிருக்கு. மழை வந்தா புள்ளைங்க தூங்குறதில்ல."

"ஒரு கதவுக்கு ஒரு தாள்தான் அக்கா. ஆளுங்கள சரியாத்தான் போட்டிருக்கேன்," என்றேன்.

ஒன்பது பேர், ஒரு குடும்பம் என்று எழுதினேன். கையெழுத்துகூட அழகாக இருந்தது.

தாளுக்கு ஒரு வீடு வந்தது. அண்ணன் பெயரில் வந்த அந்த வீட்டுக்கு ஒரே சமையலறை. அண்ணன் குடும்பத்து ஐந்து பேர் போனார்கள். தம்பி குடும்பத்து நான்கு பேர் வெடித்த சுவரோடு இருந்தார்கள். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அலுவலகத்தில் சண்டை பிடித்தேன். பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக் கோப்பில் போட்டுக்கொண்டார்கள்.

மறு வருடம் திருத்திய வினாக்கொத்தோடு அதே வாசலுக்குப் போனேன். சேலைத் திரை இல்லை. பின்சுவர் வெடிப்பு கூரைவரை ஏறியிருந்தது. புது முதல் கேள்வியைக் கேட்டேன்: "இந்தக் கதவுக்குள்ள எத்தனை அடுப்பு எரியுது அக்கா?"

"ஒண்ணுதாங்க மிஸ்," என்று தேத்தண்ணியை நீட்டினார் தம்பி மனைவி. "இப்ப ஒங்க பழைய தாளே சரியா வரும்."